மியூசிக்கல், விமர்சனம், மாற்று நடிகர்: மும்பை நாடகப் பைத்தியம் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் இருக்கிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் நாடகம் என்றாலே எனக்குத்தான் போன் போடுகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. பிடிக்காதவர்கள் சண்டைக்கு வரலாம்.

மியூசிக்கல் என்றால் பாட்டு இருக்கிற நாடகம், அவ்வளவுதானே?

பாட்டை வெட்டினால் கதை நொண்ட வேண்டும். நொண்டாமல் நடந்தால் அது நடுநடுவே பாட்டு வைத்த நாடகம். நம் சினிமாவில் பாட்டு வந்ததும் வெளியே போய்த் தம் அடித்துவிட்டு வரலாம், கதை விட்ட இடத்திலேயே நமக்காகக் காத்திருக்கும். மியூசிக்கலில் அப்படி எழுந்து போனால் திரும்பி வரும்போது நாயகி வேறு முடிவுக்கு வந்திருப்பாள், நீங்கள் பக்கத்து சீட்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டியதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு?

எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுகிற கேள்வி இது. சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே ராமாயணம் முழுவதையும் கீர்த்தனைகளாகவே நாடகமாக்கி வைத்தவர். அதற்கடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். அப்புறம் சங்கரதாஸ் சுவாமிகள், அவருடைய வள்ளி திருமணம், பவளக்கொடி. மைக் என்ற ஒன்று இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் குரலை எறிந்த எஸ்.ஜி. கிட்டப்பா, எதிரில் கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பா 1933இல் காலமானபோது முப்பது வயதுகூட ஆகவில்லை.

மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது இன்னும் மோசம். 1880இல் புணேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் சாகுந்தலத்தை மேடையேற்றியதிலிருந்து மராட்டிக்காரர்கள் சங்கீத நாடகத்தை விடவே இல்லை. அதற்கும் வெகு முன்னால் நம் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா ஷாஹாஜி (1684 முதல் 1712 வரை ஆட்சி) தெலுங்கிலும் மராட்டியிலும் இசை நாடகங்கள் எழுதியிருக்கிறார். ஆக, தாதரில் போய் சங்கீத நாடகம் பார்க்கிற தஞ்சாவூர்க்காரன் யாருக்கும் விருந்தாளி இல்லை.

மராட்டி சுமாராகத்தான் புரியும். சங்கீத நாடகத்துக்குப் போகலாமா?

தாராளமாக. 'கட்யார் காள்ஜாத் குசலி' எங்கேயாவது போட்டால் முதலில் அதற்குப் போங்கள். இரண்டு பாட்டுப் பரம்பரைகளுக்கு நடுவே நடக்கிற அரசவைப் போட்டி, பொறாமை, கௌரவம். சங்கீத உலகத்தின் வித்வான் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? 1967இல் இது வந்தபோது கான்சாகேப் வேடத்தில் வசந்தராவ் தேஷ்பாண்டே, இசை ஜிதேந்திர அபிஷேகி. பல வருஷம் கழித்து அதே வேடத்தை வசந்தராவின் பேரன் ராகுல் தேஷ்பாண்டே எடுத்துச் செய்தார். தாத்தாவின் ஒலிப்பதிவை மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரு கூட்டத்தின் முன்னால் பேரன் பாடுவது என்றால் யோசித்துப் பாருங்கள். இதைப் பற்றிக் கீழே இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

"ஒன்ஸ் மோர்" என்று கத்துவார்கள், பயப்பட வேண்டாம். நடிகரும் கதையை நிறுத்திவிட்டு மறுபடி பாடுவார். அந்த வகை நாடகம் அதற்கு இடம் விட்டே கட்டப்பட்டது. அதே ஆள் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் லண்டன் குழு ஆடும்போது கத்தினால் எனக்குப் பிடிக்காது.

அண்டர்ஸ்டடி, ஸ்விங் என்றெல்லாம் சொல்கிறீர்களே, யார் இவர்கள்?

மாற்று நடிகர்கள். நான்கு வகை உண்டு. அண்டர்ஸ்டடி என்பவர் தினமும் மேடையில் சின்ன வேடமோ கோரஸோ செய்துகொண்டிருப்பார், பெரிய வேடக்காரர் படுத்துக்கொண்டால் அதற்கு ஏறுவார். ஸ்டாண்ட்பைக்கு மேடையில் தினசரி வேலை கிடையாது, கூப்பிட்டால் ஓடி வருகிற தூரத்தில் காத்திருப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. ஆல்டர்னேட் என்பவர், வாரத்தில் இன்னின்ன காட்சி என்னுடையது என்று முன்கூட்டியே எழுதி வாங்கியவர். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி நடக்கும். 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வின் கிறிஸ்டீன் வேடம் தொண்டையைத் தின்றுவிடும் என்பதால் அதில் 2 காட்சி ஆல்டர்னேட்டுக்குப் போகும். (அந்தக் கதையே மாற்று நடிகையின் கதைதான். பெரிய பாடகி கோபித்துக்கொண்டு வெளியேற, கோரஸ் பெண் அவள் இடத்தில் பாடுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.)

நான்காவது ஸ்விங். என் கடவுள் இவர். கோரஸில் இன்றைக்கு யார் இல்லையோ அவருடைய இடத்தை நிரப்புகிறவர். ஒரே ஆள் ஏழெட்டுப் பேருடைய இடத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: எந்தத் தாளத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, நாற்காலியை யார் தூக்கிக்கொண்டு போவது, சேர்ந்து பாடும்போது மேல் சுரமா கீழ்ச் சுரமா, இருட்டில் எந்த வழியாக வெளியேறினால் மேலிருந்து இறங்கும் செட் தலையில் விழாது. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். நன்றாகச் செய்தால் அப்படி ஒருவர் வந்து போனதே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இவர்களுக்குத் தனி ஒத்திகை உண்டு, ஆனால் பெரும்பாலும் விளக்கு, ஆர்கெஸ்ட்ரா, உடை எதுவும் இல்லாமல்தான். முழு நாடகத்தை முழு வெளிச்சத்தில் முதல்முறை செய்வது பல சமயம் நம் முன்னால்தான்.

நான் போன அன்றைக்குப் பார்த்து மெயின் ஆள் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

போஸ்டரில் பெயர் போட்டு விற்றார்களா என்று பாருங்கள். பிராட்வேயில் வழக்கம் தெளிவாக இருக்கிறது. நாடகத்தின் பெயருக்கு மேலே யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் அல்லது வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் வராவிட்டால் தகவல் மட்டும்தான், அதுவும் நடிகர் சங்க விதிப்படி கட்டாயம்: லாபியில் பலகை, புரோகிராமில் ஒரு துண்டுச் சீட்டு, ஒலிபெருக்கி அறிவிப்பு, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நம் ஊரில் இப்படி எதுவும் கிடையாது. ஒருமுறை நான் போன நாடகத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) முக்கிய வேடத்தில் வேறு ஒரு பெண் வந்தார், பிரமாதமாகச் செய்தார், கடைசி வரைக்கும் யாரும் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்து அரங்கு ஆட்களிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. ஆள் மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை, பெயரைச் சொல்லாததற்குத்தான் இன்றைக்கும் கோபம்.

மற்றபடி, மாற்று நடிகர் வருகிற நாள்தான் நான் ஆசைப்படுகிற நாள். 1954இல் 'தி பஜாமா கேம்' ஓடிக்கொண்டிருந்தபோது கரோல் ஹேனிக்குக் கணுக்காலில் அடிபட்டு, பதிலுக்கு ஏறிய பெண்ணைப் பார்த்த சினிமா தயாரிப்பாளர் ஒப்பந்தம் போட்டார். அந்தப் பெண் ஷெர்லி மக்லெய்ன். இது எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது 2021 டிசம்பரில் நடந்தது. 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் நாயகி சட்டன் ஃபாஸ்டருக்குக் கோவிட். ஸ்விங்காக இருந்த கேத்தி வாய்ட்கோவுக்கு மத்தியானம் 12 மணிக்குத்தான் தகவல், 1 மணிக்கு அந்த வேடத்தில் முதல் ஒத்திகை, ராத்திரி மேடையில் நாயகி. எட்டு வேடத்தில் எது வேண்டுமானாலும் அவர் தலையில் விழுந்திருக்கலாம். நாடகம் முடிந்ததும் ஹியூ ஜாக்மன் அவரை முன்னுக்கு இழுத்து நிறுத்தி, இந்த ஆட்கள்தான் பிராட்வேயின் முதுகெலும்பு என்று சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் அத்தனை தியேட்டரிலும் ஆள் ஆளாகப் படுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்திருந்ததே இவர்களால்தான்.

இன்னொன்று. 2015இல் ஒபாமா 'ஹாமில்டன்' பார்க்கப் போன அன்று மேடையில் இருந்தது அதை எழுதிய லின் மானுவல் மிராண்டா இல்லை, ஆல்டர்னேட் ஹாவியர் முன்யோஸ். அமெரிக்க ஜனாதிபதிக்கே அப்படித்தான், செம்பூரிலிருந்து போகிற உங்களுக்கு என்ன குறை.

நம் ஊர் நாடகங்களில் ஏன் இப்படி ஆள் வைப்பதில்லை?

காசு. ஒரே அரங்கில் வாரத்துக்கு 8 காட்சி என்று மாதக்கணக்கில் ஓடினால்தான் சும்மா இருக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகும். இங்கே சனி ஞாயிறு, ஒரு வாரம் தாதர், அடுத்த வாரம் தாணே. நடிகருக்கு உடம்பு முடியவில்லை என்றால் காட்சி ரத்து, அல்லது அதே உடம்போடு மேடையேறுவார், அதை நாம் அர்ப்பணிப்பு என்று புகழ்வோம். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. காய்ச்சலோடு பாடுகிறவரின் குரல் நாளைக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்கிறோமா?

ஆனால் இதில் நம்மிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது: ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். அவரவரைத் தனித்தனியாக ஒரு ராத்திரிக்குப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுதி பிடிக்க, முன்பின் சேர்ந்து நடிக்காத இரண்டு பேர் வள்ளியும் முருகனுமாக விடியவிடிய தர்க்கம் பண்ணுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பாடம் எல்லோருக்கும் பொது என்பதால் இது முடிகிறது. முருகன் வேடக்காரரின் பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் வேறொரு முருகன் வருவார், நாடகம் நடக்கும். அங்கே எல்லோருமே ஒருவருக்கொருவர் ஸ்டாண்ட்பை. பிராட்வேக்காரன் நோட்டுப் போட்டு, ஒத்திகை வைத்து, சங்க விதி எழுதிச் சாதிப்பதை இவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சாதிக்கிறார்கள். நாம்தான் அதை மியூசிக்கல் கணக்கில் சேர்ப்பதில்லை.

விமர்சனம் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கலாமா?

படியுங்கள், ஆனால் அது எந்த ராத்திரியைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு படியுங்கள். விமர்சகரை அழைப்பது தொடக்க நாள் சுற்று வட்டத்தில். அன்றைக்கு முதல் அணி நடிகர்கள், முழு ஆர்கெஸ்ட்ரா, உறவுக்காரர்கள் நிறைந்த அரங்கு. நீங்கள் போவது மூன்றாவது வாரம் புதன்கிழமை. முகூர்த்தப் பந்தியில் சாப்பிட்டவர் சொன்னதை வைத்து ராத்திரிப் பந்திக்கு மார்க் போடுவது மாதிரிதான் அது.

1985இல் லண்டனில் 'லே மிசராப்ளே' தொடங்கியபோது பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ஜனங்கள் மறுநாளே டிக்கெட் வாங்க வந்துவிட்டார்கள், அது இன்னும் ஓடுகிறது. நியூயார்க் டைம்ஸில் 1980 முதல் 1993 வரை எழுதிய ஃபிராங்க் ரிச்சுக்கு "பிராட்வேயின் கசாப்புக்காரர்" என்றே பட்டம். அவர் பெரிதாக மெச்சாத 'ஃபேன்டம்' 1988இலிருந்து 2023 வரை அங்கே ஓடியது. அதற்காக விமர்சகர்கள் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. ஃபிராங்க் ரிச் எழுதியதில் பாதிக்கு மேல் எனக்கு நியாயமாகவே படுகிறது, நீண்ட நாள் ஓடுவதால் ஒரு நாடகம் நல்லதாகிவிடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் 2022இல் வந்த 'ஃபன்னி கேர்ள்'. நாயகி பீனி ஃபெல்ட்ஸ்டைனுக்குக் கடுமையான விமர்சனங்கள், ஜூலையோடு விலகினார். அவருடைய அண்டர்ஸ்டடி ஜூலி பெங்கோ ஆகஸ்ட் மாதம் அந்த வேடத்தைச் செய்தார், பார்த்தவர்கள் கொண்டாடினார்கள். செப்டம்பரில் லியா மிஷெல் வந்தார், பெங்கோவுக்கு வியாழக்கிழமை ஆல்டர்னேட் இடம். அதே பாட்டு, அதே செட், அதே டைரக்டர். ஏப்ரலில் எழுதின விமர்சனத்தை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு நஷ்டம்தான்.

மும்பையில் வேறு சிக்கல். இங்கே விமர்சனம் என்று வருவதில் பாதி, நாடகம் தொடங்கும் முன்பே எழுதப்படுகிற அறிமுகம். டைரக்டர் பேட்டி, எத்தனை உடை, எத்தனை டிரக்கில் செட் வந்தது. டிரக் கணக்கைப் படித்துவிட்டு நாடகம் நன்றாக இருக்கும் என்று எப்படி முடிவு செய்வது?

அப்படியானால் நல்ல விமர்சனம் எப்படி இருக்க வேண்டும்?

எந்தத் தேதிக் காட்சி, அன்று எந்த வேடத்தில் யார், பாடியது நேரடியாகவா, முன்பே பதிவு செய்த டிராக்கா, எந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இந்த நான்கும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அப்புறம் திட்டட்டும், புகழட்டும். கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியவற்றையும், டெல்லியில் இருந்துகொண்டு வித்வான்களைக் கதிகலங்க வைத்த சுப்புடு எழுதியவற்றையும் இன்றைக்கும் படிக்க முடிகிறது என்றால், காரணம் அவர்கள் அந்தக் கச்சேரியில், அந்த இடத்தில், என்ன நடந்தது என்று சொன்னார்கள். "கண்களுக்கு விருந்து" என்று எழுதுகிறவரை நான் அதோடு நிறுத்திவிடுவேன்.

'முகலே ஆசம்' மியூசிக்கல் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கி 2016இல் என்சிபிஏவில் (நரிமன் பாயிண்டில் இருக்கிற தேசிய நிகழ்த்துகலை மையம்) தொடங்கியது. 1960இல் வந்த படத்தின் மேடை வடிவம், அந்தப் படத்துக்குப் பணம் போட்ட ஷாபூர்ஜி பலோன்ஜி நிறுவனம்தான் இதற்கும். படத்தின் நிழலிலிருந்து அது முழுக்க வெளியே வரவில்லை என்பது என் எண்ணம். பார்க்கிறவர்கள் வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு விஷயத்துக்காகக் கும்பிடுவேன். அனார்கலி கதக் ஆடிக்கொண்டே நேரடியாகப் பாடுகிறாள். அந்த வேடத்துக்கு ப்ரியங்கா பர்வே, நேஹா சர்கம் என்று இரண்டு பேரை வைத்து மாறி மாறிச் செய்தார்கள். ஒருவர் அசல், ஒருவர் நகல் என்ற பேச்சே இல்லை. மற்ற தயாரிப்பாளர்கள் அந்த உடைகளைப் பார்த்துக் காப்பி அடிப்பதற்குப் பதில் இதைக் காப்பி அடிக்கலாம்.

டிராக் போட்டு வாயசைத்தால் என்ன தப்பு?

டிக்கெட்டில் அச்சடித்துவிட்டுச் செய்தால் தப்பில்லை.

பாட்டுகளை முன்னாடியே கேட்டுவிட்டுப் போகலாமா?

கதையைப் படித்துவிட்டுப் போங்கள், பாட்டைக் கேட்காமல் போங்கள் என்பேன். ஆல்பத்தில் இருக்கிற குரல் காதில் ஊறிவிட்டால் மேடையில் வருகிறவர் எல்லோரும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கப்படுவார்கள், பாவம். மேலே சொன்ன ராகுல் தேஷ்பாண்டே மாதிரி ஆட்கள் இந்தச் சுமையோடுதான் பாடுகிறார்கள். நாடகம் பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்து கேளுங்கள், அப்போது வேறு மாதிரிக் கேட்கும்.

எந்த அரங்கு நல்லது?

வெளிநாட்டு மியூசிக்கல் பெரும்பாலும் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் இருக்கிற நீதா முகேஷ் அம்பானி மையத்துக்குத்தான் வருகிறது. 2023இல் திறந்தது, பெரிய அரங்கில் 2,000 சீட். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்', 'மம்மா மியா', 'ஃபேன்டம்' எல்லாம் அங்கேதான். ஒலி பிரமாதம், டிக்கெட் விலை வயிற்றைக் கலக்கும், பின் வரிசை போதும். நரிமன் பாயிண்டில் என்சிபிஏவின் ஜம்ஷெட் பாபா தியேட்டர் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆயிரத்துச் சொச்சம் சீட்தான், முகம் தெரியும். ஜூஹு பிருத்வி (1978) 200 சீட், நடிகரின் மூச்சு கேட்கும், பெரிய மியூசிக்கலுக்கு இடமில்லை. சண்முகானந்தா நம் வீடு மாதிரி, ஆனால் 2,700 சீட்டுக்கு மேல். பால்கனியில் மாட்டினால் பைனாகுலர் கொண்டு போங்கள்.

லேட்டாகப் போனால்?

பிருத்வியில் வாசலோடு சரி. வெளிநாட்டுக் குழு என்றால் முதல் இடைவெளி வரை லாபியில் நிற்க வைப்பார்கள். சயான் டிராஃபிக் என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், எதற்கு அழைத்துப் போகலாம்?

கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாதர் சிவாஜி மந்திரிலோ பார்லே தீனாநாத்திலோ ஒரு சங்கீத நாடகம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ராகத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அம்மாவுக்கு நேரம் போய்விடும். பிரம்மாண்டம் வேண்டும் என்பவர்களை பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸுக்கு மத்தியானக் காட்சிக்கு அழைத்துப் போங்கள், ராத்திரிக் காட்சி முடிந்து டாக்சி பிடிப்பதற்குள் எல்லோருக்கும் எரிச்சல் வந்துவிடும். ஏசி கொல்லும், சால்வை அவசியம். ஓரத்து சீட் எடுங்கள். சிவாஜி மந்திர் என்றால் இடைவேளை விளக்கு எரிந்ததும் படாட்டா வடா வரிசைக்கு ஒருவர் ஓட வேண்டும், அதற்கு அப்பாவை அனுப்பாதீர்கள், அவர் மொழி தெரியாமல் எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டே மூன்றாவது மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பார்.